பழைய லாரியின் முக்கோணக் கண்ணாடி ஒழுகுதா? பெயின்ட்டுக்கு முன்னாடி பீடிங்கைப் பாருங்க!

தாத்தா காலத்து லாரி, பழைய பிக்கப், அம்பாசிடர்... இதுல ஏதாவது ஒண்ணு உங்க வீட்டு ஷெட்டுல நிக்குதா? அப்போ அடுத்த மழை விட்டதும் ஒரு வேலை பண்ணுங்க. முன்பக்கக் கதவைத் திறந்து, கால் வைக்கிற இடத்துல இருக்கிற மேட்டைத் தூக்கிப் பாருங்க. அடியில ஈரம் இருந்தா கூரையைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்தைச் சந்தேகப்படணும். அதுதான் கதவுக் கண்ணாடிக்கு முன்னால், தனியாகத் திறந்து மூடும் அந்தக் குட்டி முக்கோணக் கண்ணாடி.

வென்ட் கிளாஸ், குவார்ட்டர் கிளாஸ் என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பேர் சொல்வார்கள். பேர் எதுவானாலும் கண்ணாடியில் கோளாறு வருவது அபூர்வம். அதைச் சுத்தியிருக்கும் கறுப்பு ரப்பர் பீடிங்தான் முதலில் உயிரை விடும். அது காய்ந்து, வெடித்து, ஓரத்தில் இடைவெளி விட்டதும் தண்ணீர் உள்ளே புகும். அப்புறம் கதவின் அடித்தகடு, ஃப்ளோர் என ஒவ்வொன்றாகத் துரு தின்ன ஆரம்பிக்கும்.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதுல இன்னொரு கவலையும் சேர்ந்துக்கும். முன் சீட்டுல பட்டுப் புடவை பார்சலை வெச்சுக்கிட்டு, வடகிழக்குப் பருவமழையில சென்னைக்குக் கிளம்புறீங்கன்னு வைங்க. சுமார் 75 கிலோமீட்டர் பயணம். எதிர்க்காற்று மழைத்தண்ணியை முக்கோணக் கண்ணாடியோட ஓரத்துலதான் அடிச்சுத் தள்ளும். பட்டுல தண்ணி பட்டா வட்டமா கறை நிக்கும். ஜரிகையில இருக்கிறது வெள்ளி, ஈரம் தங்கினா கறுக்கும். வாரக்கணக்கா உட்கார்ந்து நெய்த புடவைக்கு, கொஞ்ச காசு பெறுமான ரப்பர் வில்லனாகலாமா?

பழைய வண்டியை மீட்டெடுக்க ஆசைப்படுறவங்க பெரும்பாலும் முதல்ல ஓடுறது பெயின்ட்டருக்கிட்ட. இன்ஸ்டால போட்டோ நல்லா வரணும் இல்லையா? ஆனால் வரிசை தலைகீழ். ஒழுகும் கதவுக்கு மேலே அடிக்கும் பளபள பெயின்ட், அடுத்தடுத்த மழைகளில் உள்பக்கமிருந்து கொப்பளித்துக்கொண்டு வரும். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், பெயின்ட் அப்புறம். கொஞ்சம் பொறுமை இருந்தால் இந்த வேலையை நீங்களே ஒரு வார இறுதியில் முடிக்கலாம்.

இந்த முக்கோணம் எதுக்குத்தான் வந்தது?

ஏ.சி என்பதே கார்களில் இல்லாத காலம். கண்ணாடியை இறக்கினால் தூசும் மழையும் முகத்தில் அடிக்கும். ஏற்றினால் உள்ளே புழுங்கும், கண்ணாடியில் ஆவி படியும். இதற்குத் தீர்வாக அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1933 மாடல் கார்களில் இந்தத் திருப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவுதான் இதைச் செய்தது. லாரிகளுக்கு இது கொஞ்சம் தாமதமாகவே வந்தது. செவர்லே பிக்கப், லாரிகளின் கதவில் இது இடம்பிடித்தது 1951 மாடலில்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. கண்ணாடியை லேசாகத் திறந்தால் அதன் பின்விளிம்பு வெளியே நீட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது அந்த விளிம்புக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அதனால் உள்ளே இருக்கும் புழுக்கமான காற்று வெளியே உறிஞ்சப்படும். அதே கண்ணாடியை முழுசாகத் திருப்பினால், எதிர்க்காற்றை அள்ளி டிரைவர் மேல் வீசும். மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. ஃபேன் மட்டும் ரெடி!

நம்ம ஊருக்கு இது ரொம்பப் பழக்கமானது அம்பாசிடர் மூலமாகத்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், 2014 மே மாதம் வரை வந்துகொண்டிருந்தது. பிரீமியர் பத்மினியிலும் முன்கதவில் இதே முக்கோணம் உண்டு. ஏ.சி பரவலானதும், டேஷ்போர்டு வழியே காற்று வரும் வசதி வந்ததும் இதன் கதை முடிந்தது. காற்றுச் சத்தம், திருட்டு பயம், தயாரிப்புச் செலவு என்று கம்பெனிகளுக்கு இதைக் கைவிடக் காரணங்களும் நிறைய இருந்தன.

ஒரு சுவாரஸ்யம்... 1954-ல் டாடா நிறுவனம் மெர்சிடஸ் பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. அந்த 15 வருட ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. அதே பென்ஸின் தாய் நிறுவனமான டெய்ம்லர் மறுபடி இந்தியாவில் லாரி தயாரிக்க வந்தபோது தேர்ந்தெடுத்த இடம், நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம். 2012-ல் அங்கே தொழிற்சாலை திறக்கப்பட்டு, பாரத் பென்ஸ் லாரிகள் வெளிவந்தன. புது லாரிகள் பிறக்கும் மாவட்டத்திலேயே பழைய லாரிக்கு ஒரு பீடிங் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

முதல்ல உங்க கேபின் எந்த வகைன்னு பாருங்க

இந்திய லாரிகளில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே கணிசமான லாரிகள் இன்ஜின், சேஸியோடு மட்டும் கம்பெனியை விட்டு வெளியே வந்தவை. கேபினை உள்ளூர் பாடி பில்டர் மரமும் தகடும் வைத்துக் கட்டியிருப்பார். அப்படிப்பட்ட கேபினில் முக்கோணக் கண்ணாடி இருந்தாலும் அதன் அளவு அந்த பில்டரின் கைவாகைப் பொறுத்தது. கடையில் ரெடிமேடாக பீடிங் கிடைக்காது. பழைய ரப்பரைக் காட்டி, அதே வடிவத்தில் கிடைப்பதைத்தான் வெட்டிப் போட வேண்டும்.

கம்பெனி கேபின் என்றால் கதை வேறு. அதில் இருக்கும் முக்கோண பீடிங், அச்சில் வார்த்தது. மூலைகளில் வளைவும் தடிமனும் ஒரே வார்ப்பாக இருக்கும். டோர் பீடிங் மாதிரி மீட்டர் கணக்கில் வாங்கி இதைச் சமாளிக்க முடியாது. அதனால் வண்டியின் மாடல், வருடம் இரண்டையும் ஆர்.சி புத்தகத்தைப் பார்த்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் ஏன் காய்ந்து வெடிக்குது?

"நல்லாத்தானே இருந்தது... எப்படிப் போச்சு?" என்று கேட்டால் நான்கு காரணங்கள்.

முதல் காரணம், ஓசோன். காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன், இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைத் துண்டிக்கும். இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும் ரப்பரில்தான் வெடிப்பு சீக்கிரம் வரும். வளைவுகளில் முதலில் கோடு விழுவது அதனால்தான்.

இரண்டாவது, வெயில். ரப்பர் கறுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. அதில் கலந்திருக்கும் கார்பன் கரி, புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்காகச் சேர்க்கப்பட்டது. ஆனால் சித்திரை வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் அதுவும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மூன்றாவது, அழுத்தம். கண்ணாடியைப் பல வருடம் திறக்காமலே வைத்திருந்தால் ரப்பர் நசுங்கிய வடிவத்திலேயே உறைந்துவிடும். அப்புறம் கண்ணாடியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது மீண்டும் உப்பி இடைவெளியை அடைக்காது.

நான்காவது, நம்ம கைங்கர்யம்! காய்ந்த பீடிங்குக்கு இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், கிரீஸ் தடவும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. தடவிய அன்று ரப்பர் கறுகறுவென்று மின்னும். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் எந்த எண்ணெயும் இந்த வகை ரப்பரை ஊத வைத்து, வலுவிழக்கச் செய்யும். நல்லது செய்வதாக நினைத்து ஆயுளைக் குறைக்கிறோம்.

தண்ணி எந்த வழியாப் போகுது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எந்தக் கதவும் நூறு சதவிகிதம் தண்ணீர் புகாமல் இருப்பதில்லை. பெரிய கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற, கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். உள்பக்கம் டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருப்பார்கள். கதவுக்குள் வழியும் தண்ணீர் கேபின் பக்கம் வராமல் தடுப்பது அதுதான்.

முக்கோண பீடிங் கெட்டுப்போனால் இந்தக் கணக்கு மொத்தமும் தப்பும். வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். கூடவே இன்னொரு கிளை, நேரே டேஷ்போர்டு ஓரமாக வழிந்து ஃப்ளோருக்கு வரும். வடிகால் துளையில் செம்மண்ணும் தூசியும் அடைத்திருந்தால் கதவுக்குள் நிஜமாகவே குளம்தான். கதவை ஆட்டும்போது 'சளக் சளக்' என்று சத்தம் கேட்டால் அதுதான் அர்த்தம்.

ஒழுகல் அதிகமாக நடக்கும் இடம், முக்கோணக் கண்ணாடிக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவில் செங்குத்தாக நிற்கும் கம்பியின் அடி. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து, சேரும் இடத்தில் கோர்வை போட்டு இணைப்பார்கள் இல்லையா? உடலும் கரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கோர்வை பிசகினால் புடவை அங்கேதான் விடும். கதவிலும் அப்படித்தான். இரண்டு கண்ணாடி, மூன்று ரப்பர், ஒரு ஃபெல்ட் சேனல் எல்லாம் சந்திக்கும் இடம் அந்தக் கம்பியின் அடி. வேலை செய்யும்போது அதிக நேரம் செலவழிக்க வேண்டியதும் அங்கேதான்.

மூணு டெஸ்ட்... அஞ்சு நிமிஷம்

எதையும் கழற்றுவதற்கு முன்னால், ஒழுகுவது அங்கேதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

*பேப்பர் டெஸ்ட்:* ஒரு துண்டு பேப்பரை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து மூடுங்கள். பேப்பரை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் வேலை செய்யவில்லை. சுற்றிலும் பத்து இடத்தில் இப்படிப் பாருங்கள்.

*சாக்பீஸ் டெஸ்ட்:* கண்ணாடி ஃபிரேமின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து, மூடித் திறங்கள். ரப்பரில் கோடு தொடர்ச்சியாக விழுந்திருக்க வேண்டும். கோடு விட்டுப்போன இடம்தான் ஓட்டை.

*தண்ணீர் டெஸ்ட்:* ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழ் மூலையிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். எடுத்ததும் மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, ஓட்டை எதுவென்றே தெரியாது. விண்ட்ஷீல்டு ரப்பரில் ஒழுகும் தண்ணீரும் இதே ஃப்ளோருக்குத்தான் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த முறைதான் கைகொடுக்கும்.

பீடிங் வாங்கும்போது...

சென்னையில் ஜி.பி ரோடு, புதுப்பேட்டை இரண்டும் பழைய வண்டிக்காரர்களின் புண்ணியத்தலங்கள். புது ஸ்பேர்ஸுக்கு ஜி.பி ரோடு, பிரித்த வண்டியின் கண்ணாடி, ஃபிரேம், சின்னச் சின்ன ஸ்க்ரூவுக்குப் புதுப்பேட்டை. அம்பாசிடர், பத்மினிக்குத் தேடுவது ஓரளவு சுலபம். 1950-களின் அமெரிக்க லாரி, பிக்கப் என்றால் அந்த மாடலுக்கென்றே வார்த்த பீடிங் செட் வெளிநாட்டில் இன்றும் தயாராகிறது. ஆன்லைனில் வரவழைக்கலாம், ஆனால் கப்பல் கட்டணமும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய ரப்பரைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. துண்டு துண்டா வந்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் நீங்க சொல்ற பேரை நம்பமாட்டார், ரப்பரைத்தான் பார்ப்பார்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• டிரைவர் சைடு, கிளீனர் சைடு இரண்டும் ஒன்றல்ல. கண்ணாடியில் பார்க்கும் பிம்பம் மாதிரி எதிரெதிர் வளைவு. ஜோடியாக வாங்குங்கள்.

• 'ஈபிடிஎம் ரப்பரா?' என்று கேளுங்கள். இதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோனையும் வெயிலையும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும்.

• நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் பல வருடம் கோடவுனில் தூங்கிய சரக்கு.

• மூலைகளை உற்றுப் பாருங்கள். இரண்டு துண்டை வெட்டி ஒட்டியதா, ஒரே வார்ப்பா? ஒட்டிய மூலை சீக்கிரம் பிரியும்.

• கண்ணாடியை அதன் ஸ்டீல் ஃபிரேமுக்குள் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை வேறு, நாம் மாற்றப்போகும் பீடிங் வேறு. கண்ணாடியே ஃபிரேமுக்குள் ஆடினால் அந்தப் பட்டையும் தேவை.

• கையோடு, பெரிய கண்ணாடி ஓடும் ஃபெல்ட் சேனலையும் வாங்கிவிடுங்கள். கதவைப் பிரித்த பிறகு அதுவும் கிழிந்திருப்பது தெரிந்தால் மறுபடி ஓட வேண்டாம்.

வேலையை ஆரம்பிக்கலாமா?

தேவையான சாமான்: ஸ்க்ரூ டிரைவர் செட், சின்ன ஸ்பேனர்கள், டிரில், வயர் பிரஷ், உப்புத்தாள், மூங்கில் சீவல், ரெட் ஆக்ஸைடு பிரைமர், சோப்புத் தண்ணீர் அல்லது கிளிசரின். கையுறையும் கண்ணாடியும் கண்டிப்பாக வேண்டும். பழைய கண்ணாடியின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும்.

வண்டிக்கு வண்டி சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் அடிப்படை ஒன்றுதான்.

1. போட்டோ எடுங்க. ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும் மொபைலில் ஒரு போட்டோ. கழற்றியதை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய கவரில் போடுங்கள். ஒரு பக்கக் கதவை முழுசாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள, பிரிக்காத கதவு ஒன்று இருக்கும்.

2. கதவின் உள்பக்கத்தைத் திறங்க. கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் ஹேண்டில், டோர் பேட் என்று வரிசையாகக் கழற்றுங்கள். பெரிய கண்ணாடியை முழுசாக இறக்கிவிடுங்கள். டோர் பேடின் அட்டை ஈரத்தில் ஊறியிருந்தால் இழுக்க வேண்டாம், கையோடு வரும்.

3. முக்கோண ஃபிரேமை வெளியே எடுங்க. கதவின் முன்விளிம்பில் சில ஸ்க்ரூக்கள், மேலே சில, நடுக்கம்பியின் அடியில் ஒரு போல்ட் இருக்கும். துருவால் இறுகியிருந்தால் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். எல்லாம் விட்டதும் ஃபிரேமைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, சாய்த்து, மேல்நோக்கித் தூக்கினால் நடுக்கம்பியோடு சேர்ந்து வெளியே வரும். வரவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். நெம்பாதீங்க!

4. கண்ணாடியைப் பிரிங்க. கண்ணாடி சுழல்வது மேலும் கீழும் உள்ள இரண்டு முளைகளில். கீழ் முளையில் ஸ்பிரிங், வாஷர், நட் இருக்கும். ஓடும்போது காற்றில் கண்ணாடி தானாகத் திரும்பாமல் பிடித்து நிறுத்துவது அந்த ஸ்பிரிங்கின் இறுக்கம்தான். எது மேலே, எது கீழே என்ற வரிசையைப் போட்டோ எடுத்த பிறகே கழற்றுங்கள். மேல் முளை சில வண்டிகளில் ஸ்க்ரூவில் இருக்கும், சிலவற்றில் ரிவெட். ரிவெட் என்றால் அதன் தலையை மட்டும் மெதுவாக டிரில் செய்து எடுக்க வேண்டும். டிரில் செய்த இரும்புத்தூளை ஒன்று விடாமல் துடைத்தெடுங்கள். ஒவ்வொரு துகளும் ஒரு துருவின் விதை.

5. பழைய ரப்பரை எடுங்க. மூங்கில் சீவலால் நெம்பினால் பெயின்ட் கீறாது. எடுத்த ரப்பரைத் தூக்கிப் போட வேண்டாம். புதுசோடு பக்கத்தில் வைத்து நீளம், வளைவு, முளைக்கான துளை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

6. இதுதான் முக்கியமான கட்டம்: இரும்பைக் குணப்படுத்துங்க. ரப்பரை எடுத்ததும் அடியில் காப்பிப்பொடி நிறத்தில் துரு இருக்கும். வயர் பிரஷ், உப்புத்தாள் போட்டு நல்ல இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துரு மாற்றி திரவம் தடவி, பிரைமர், பெயின்ட் என்று வரிசையாக அடித்து, முழுசாகக் காயவிடுங்கள். குறைந்தது ஒரு நாள். ஈரப் பெயின்ட்டின் மேல் ரப்பரை ஒட்டினால் இரண்டும் பிரிக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும். துரு மேலேயே புது ரப்பரைப் போட்டால், துருவுக்குப் போர்வை போர்த்திவிட்ட மாதிரி. உள்ளே சுகமாக வளரும்.

இதே நேரத்தில் கதவின் அடி வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே இருக்கும் மண்ணைக் கழுவி விடுங்கள்.

7. ஒரு தடவை ஒத்திகை. பசை எதுவும் இல்லாமல் புது ரப்பரை வைத்து, கண்ணாடியைப் பொருத்தி மூடிப் பாருங்கள். ரப்பர் விறைப்பாக இருந்தால் அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகும்.

8. இழுக்காம பொருத்துங்க. சோப்புத் தண்ணீர் தடவி, கூர்மையான மூலையில் ஆரம்பித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். சீராகப் படியட்டும் என்று ரப்பரை இழுத்து இழுத்துப் பொருத்துவார்கள். அன்றைக்கு அழகாக இருக்கும். சில வாரத்தில் ரப்பர் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலையில் இடைவெளி திறக்கும். இழுத்த நிலையில் வெடிப்பும் சீக்கிரம் வரும். இழுப்பதற்குப் பதில், லேசாக நெருக்கி உள்ளே தள்ளுவதுதான் சரி.

பசை தேவைப்படும் இடத்தில் மட்டும், பீடிங்குக்கென்றே விற்கும் பசையை மெலிதாகத் தடவுங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் சீலன்ட் கூடவே கூடாது. அது காயும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம், வெற்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

9. கண்ணாடியைத் திரும்ப மாட்டுங்க. கீழ் முளையை ஸ்பிரிங், வாஷர் வரிசையில் இறக்கி, மேல் முளையைப் புது ரிவெட் அல்லது ஸ்க்ரூவால் பூட்டுங்கள். கையால் திருப்பினால் திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அந்த அளவுக்கு நட்டை இறுக்கினால் போதும்.

10. நடுக்கம்பியை நேராக்குங்க. ஃபிரேமைக் கதவில் வைத்து, எல்லா ஸ்க்ரூவையும் பாதி மட்டும் இறுக்குங்கள். பெரிய கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். சிரமமில்லாமல் ஓடும் நிலையில் நடுக்கம்பியை வைத்து, அதன் பிறகு எல்லாவற்றையும் முழுசாக இறுக்குங்கள். கம்பி கோணலாக இருந்தால் ஒன்று கண்ணாடி சிக்கும், இல்லை தண்ணீர் இறங்கும்.

11. பாலிதீன் ஷீட்டை மறக்காதீங்க. டோர் பேடை மாட்டுவதற்கு முன்னால், தடிமனான புது ஷீட்டை வெட்டி ஒட்டுங்கள். அதன் கீழ்விளிம்பு கதவின் உள்ளே செருகப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே இறங்கி, வடிகால் துளை வழியாக வெளியே போகும். ஷீட் இல்லாமல் மாட்டினால் புது பீடிங்கின் பலன் பாதிதான்.

'மூடவே மாட்டேங்குதே!'

புது ரப்பர் போட்டதும் கண்ணாடி கடைசி ஒரு விரல்கடை மூடாமல் அடம்பிடிக்கும். பயப்பட வேண்டாம். புது ரப்பர் தடிமனாகத்தான் இருக்கும். லாக்கைப் பிடித்து பலவந்தமாகத் திருகினால் லாக் முளை உடையும், இல்லையென்றால் கண்ணாடி விரியும். முடிந்தவரை மூடி, வண்டியை வெயிலில் நிறுத்துங்கள். சில நாளில் ரப்பர் படிந்து, தானாக லாக் ஆகும். ஒரு வாரத்துக்குப் பிறகும் மூடவில்லை என்றால் மட்டும், சாக்பீஸ் டெஸ்ட்டில் எங்கே அதிகம் அழுந்துகிறது என்று பார்த்து, ஃபிரேமைச் சரிசெய்யுங்கள். ரப்பரை வெட்டுவது கடைசி வழி. வெட்டியதை ஒட்ட முடியாது இல்லையா?

லாக் படிந்த பிறகு அதே தண்ணீர் டெஸ்ட்டை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

துரு விட்டாலும் எஃப்.சி விடாது

"ஒரு ரப்பருக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று தோன்றலாம். இப்போது பழைய வண்டியை ரோட்டில் வைத்திருப்பதே ஒரு பரீட்சை. சரக்கு வண்டி 8 வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. அடித்தகடு இற்றுப்போன கதவோடு போய் நின்றால் முதலில் டிங்கரிங், அப்புறம் பட்டி, அப்புறம் பெயின்ட் என்று செலவு வரிசை கட்டும்.

50 வயது தாண்டிய கார், டூவீலர்களுக்கு விண்டேஜ் பதிவு என்ற தனி விதியை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. அதற்கு வண்டி அதன் அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். முக்கோணக் கண்ணாடி ஒழுகுகிறது என்று அதைத் தூக்கிவிட்டு ஒரே கண்ணாடியாகப் போடுவதும், ஃபைபர் ஷீட் அடித்து நிரந்தரமாக மூடுவதும் வண்டியின் அசலைக் கெடுக்கும். ரப்பரை மாற்றுவது அசலைக் காப்பாற்றும்.

இனி இதை மட்டும் செய்யுங்க

• மாதம் ஒருமுறை பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, கிளிசரின் அல்லது சிலிக்கான் ஸ்பிரே மெலிதாகத் தடவுங்கள். ஆயில், கிரீஸ், மண்ணெண்ணெய்க்கு நோ!

• வாரம் ஒருமுறையாவது முக்கோணக் கண்ணாடியைத் திறந்து மூடுங்கள். ரப்பர் ஒரே வடிவில் உறையாது, ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

• புரட்டாசி முடிவதற்குள் வடிகால் துளைகளை ஒருமுறை குத்திப் பாருங்கள். ஐப்பசி வந்துவிட்டால் அவகாசம் கிடைக்காது.

• நிழலில் நிறுத்துங்கள். வழியில்லை என்றால் காட்டன் கவர் போடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர், ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

காஞ்சிபுரத்துக்கு வாகனம்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வைகாசி கருட சேவைக்கு வெளியே வர்ற வாகனத்தை, வருஷம் முழுக்கத் துடைச்சு மண்டபத்துல பத்திரமா வைக்கிற ஊர் இது. உங்க தாத்தாவோட லாரியும் அதுல கொஞ்சம் அக்கறையைத்தான் கேட்குது. இந்த சனிக்கிழமை ஒரு துண்டு பேப்பரை எடுத்துட்டுப் போய், அந்த முக்கோணக் கண்ணாடியில வெச்சு இழுத்துப் பாருங்க. வழுக்கிக்கிட்டு வந்தா, ஞாயித்துக்கிழமை வேலை ரெடி!